நொதிக்கும் பீரைப் படம் எடுப்பதா, அளந்து பார்ப்பதா?

வீட்டில் பீர் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட் போட்டு மூடிவிட்டால் அடுத்த ஒன்றிரண்டு வாரத்துக்கு நம் கையில் பெரிதாக வேலை இல்லை. அந்தச் சும்மா இருக்கும் காலம்தான் பலருக்குக் கஷ்டம். உள்ளே என்ன நடக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்கக் கை பரபரக்கும். திறந்தால் காற்றும் கிருமியும் உள்ளே போகும். திறக்காமல் பார்க்க வழி உண்டா என்று தேட ஆரம்பித்தால் வரிசையாக வந்து நிற்கும்: பழைய போனை நிறுத்தி டைம்லேப்ஸ் எடுக்கலாம், ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினிப் பலகையில் கேமரா மாட்டலாம், இருட்டிலும் பார்க்கும் வைஃபை கேமராவைத் திருப்பி வைக்கலாம், பீருக்குள்ளேயே மிதந்தபடி அளவு சொல்லும் கருவியைப் போடலாம், ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத அடைப்பான்) வரும் குமிழியை எண்ணலாம், பாத்திரத்தையே தராசின் மேல் ஏற்றலாம். இவை எதுவும் வேண்டாம் என்றால் திரவத்தின் அடர்த்தியை அளக்கும் பழைய கண்ணாடி ஹைட்ரோமீட்டர் இருக்கவே இருக்கிறது.

எதை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன், என்ன தெரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். நொதித்தல் தொடங்கிவிட்டதா, சூடு ஏறிவிட்டதா, எந்த அளவில் போய்க்கொண்டிருக்கிறது, முடிந்துவிட்டதா என்பவை தனித்தனிக் கேள்விகள். "அந்த நுரை ஏறுவதைப் பார்க்க ஆசையாக இருக்கிறது, நாலு பேருக்குக் காட்டவும் வேண்டும்" என்பது இன்னொரு தேவை. அதுவும் நியாயமான தேவைதான். ஆனால் கேமரா வாங்கினால் நொதித்தல் முடிந்ததா என்பது தெரிந்துவிடும் என்று நினைத்து வாங்குகிறவர்கள் அதிகம். அது நடக்காது. மேலே நுரை அடங்கிவிட்ட பிறகும் உள்ளே சர்க்கரை மிச்சம் இருக்கலாம். நொதித்து முடிந்த பீரின் மேல் நுரை பல நாள் அப்படியே நிற்பதும் உண்டு.

(வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு எல்லா இடத்திலும் சட்ட அனுமதி இல்லை. நீங்கள் இருக்கும் இடத்தின் விதி என்ன என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.)

பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு கணக்கை வைத்துக்கொள்வோம். 20 லிட்டர் பீர். ஈஸ்ட் போடும்போது கிராவிட்டி (தண்ணீரை 1 என்று வைத்தால் திரவத்தின் அடர்த்தி, சர்க்கரை குறையக் குறைய இதுவும் குறையும்) 1.050, முடியும்போது 1.010. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 131.25 ஆல் பெருக்கினால் ஆல்கஹால் சுமார் 5.25 சதவீதம். அந்த ஆல்கஹால் உருவாகும்போதே ஏறத்தாழ 800 கிராம் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறுகிறது. அறை வெப்பத்தில் அது 400 லிட்டருக்கு மேற்பட்ட வாயு. ஒரு சின்ன ஏர்லாக் வழியாக இத்தனையும் போகிறது. காற்றோட்டம் இல்லாத அலமாரியிலோ சிறு அறையிலோ பல பாத்திரங்களை வைத்திருப்பவர்கள் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஈஸ்ட் போட்ட முதல் சில மணி நேரம் எதுவும் தெரியாது. 6 மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். அப்புறம் திரவத்தின் மேல் வெள்ளையாக மெல்லிய படலம் விழும். அது ஓரங்களிலிருந்து தடித்து, ஒன்றிரண்டு நாளில் முகடு முகடாகக் கிளம்பி நிற்கும். இந்த நுரைத் தொப்பியைத்தான் காய்ச்சுகிறவர்கள் க்ராய்சன் என்கிறார்கள். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் பிசினும் புரதமும் அதன் உச்சியில் பழுப்பாகத் திட்டுத் திட்டாகச் சேரும். உள்ளே, வாயுக் குமிழிகள் ஈஸ்டையும் தூளையும் மேலே தூக்கிக்கொண்டு போக, அவை பக்கவாட்டில் திரும்பிக் கீழே இறங்கும். கண்ணாடிப் பாத்திரத்தில் இந்தச் சுழற்சி வெறும் கண்ணுக்கே தெரியும். நாலைந்து நாளில் எல்லாம் தணிந்து, தொப்பி சரிந்து, கண்ணாடியில் ஒரு பழுப்பு வளையம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஈஸ்ட் அடியில் வண்டலாகப் படியும், பீர் மேலிருந்து தெளியும்.

படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதில் இரண்டு வேகம் இருக்கிறது. நுரை ஏறி இறங்குவது மெதுவானது, நாள் கணக்கில் நடப்பது. டைம்லேப்ஸ் அதற்குத்தான் பொருத்தம். உள்ளே சுழல்வதோ நொடிக் கணக்கில் நடப்பது. அதை நிமிடத்துக்கு ஒரு படமாக எடுத்தால் சுழற்சி தெரியாது, புள்ளிகள் தாறுமாறாகத் துடிப்பதுபோல்தான் இருக்கும். அதற்குச் சாதாரண வீடியோ போதும், அதுவும் அரை நிமிடம். இரண்டையும் ஒரே அமைப்பில் பிடித்துவிடலாம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

வெளிச்சம்தான் சிக்கல்

கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும், பீருக்கு வெளிச்சம் ஆகாது. கேமரா சம்பந்தப்பட்ட எல்லாத் தேர்வும் கடைசியில் இங்கே வந்துதான் முட்டும். எனவே இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்த்துவிடலாம்.

ஹாப்ஸைக் கொதிக்கவைக்கும்போது கசப்புக்குக் காரணமான ஐசோ ஆல்ஃபா அமிலங்கள் உருவாகின்றன. பீரில் இயல்பாகவே ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2 இருக்கிறது. அது நீல ஒளியை வாங்கிக்கொண்டு அந்தக் கசப்பு மூலக்கூறுகளை உடைக்க வழி செய்கிறது. உடைந்த துண்டு கந்தகச் சேர்மத்தோடு சேர்ந்து 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்ற பொருளாகிறது. ஸ்கங்க் என்ற விலங்கு பீய்ச்சும் நாற்றத்துக்குப் பக்கத்தில் வரும் வாடை அது. லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். 350 முதல் 500 நானோமீட்டர் வரையுள்ள ஒளிதான் இதில் முக்கியக் குற்றவாளி. பீர் பாட்டில்கள் பழுப்பு நிறத்தில் இருப்பது இதற்காகத்தான். நிறமற்ற பாட்டிலில் விற்கப்படும் சில பீர்களில் ஒளிக்கு அசையாதபடி வேதிமாற்றம் செய்த ஹாப்ஸ் சாற்றைப் பயன்படுத்துகிறார்கள்.

சாதாரண வெள்ளை எல்இடி விளக்கில் நீல ஒளியின் உச்சம் 450 நானோமீட்டர் வாக்கில் இருக்கிறது. ரொம்பச் சரியாக ஆபத்தான இடத்தில். நிறமற்ற கண்ணாடிப் பாத்திரத்துக்கு முன்னால் அப்படி ஒரு விளக்கை ஒரு வாரம் எரியவிட்டுப் படம் எடுத்தால் படம் நன்றாக வரும், பீர் வீணாகும்.

இதிலிருந்து தப்பிக்க நாலு வழி தெரியும். முதலாவது, விளக்கைத் தொடர்ந்து எரிக்காமல் படம் எடுக்கும் அந்த ஒரு நொடி மட்டும் எரியச் செய்வது. நிமிடத்துக்கு ஒரு படம் என்றால் 7 நாளில் 10,080 படம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடி வெளிச்சம் என்றால் மொத்தம் 2 மணி 48 நிமிடம். 168 மணி நேரத்தோடு ஒப்பிட்டால் அறுபதில் ஒரு பங்கு. ஆபத்து குறையும், முழுதாகப் போகாது. இரண்டாவது, சிவப்பு எல்இடி. அதன் ஒளி 630 நானோமீட்டர் அருகே இருப்பதால் பீருக்குக் கிட்டத்தட்டத் தொந்தரவே இல்லை. படம் முழுக்கச் சிவப்பாக வரும், கறுப்பு வெள்ளையாக மாற்றிக்கொண்டால் பார்க்க நன்றாகவே இருக்கும். மூன்றாவது, அகச்சிவப்பு. 850 நானோமீட்டர் விளக்கும், அகச்சிவப்பை வடிகட்டாத கேமராவும் இருந்தால் அலமாரியை இருட்டாக மூடிவிட்டுப் படம் எடுக்கலாம். இதுவும் கறுப்பு வெள்ளைதான்.

நாலாவது எனக்குப் பிடித்தது. முழுப் பீரையும் படம் எடுக்காதீர்கள். ஈஸ்ட் போட்ட வோர்ட்டிலிருந்து (இன்னும் பீராகாத இனிப்பு மால்ட் சாறு) ஒரு லிட்டரை நிறமற்ற கண்ணாடி ஜாடியில் தனியாக எடுத்து, அதற்கும் ஒரு ஏர்லாக் போட்டு, அதை மட்டும் வெளிச்சத்தில் வைத்துப் படம் பிடியுங்கள். பெரிய பாத்திரம் பக்கத்தில் இருட்டில் நிம்மதியாக இருக்கும். ஜாடியில் கால் பங்காவது இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் நுரை ஏர்லாக்குக்குள் ஏறிவிடும். இறுக்கமாக மூடிவைப்பது கூடவே கூடாது, கண்ணாடி வெடிக்கும். படம் முடிந்ததும் அந்த ஒரு லிட்டரைக் கொட்டிவிடலாம். கொட்ட மனம் வராதவர்கள், ஹாப்ஸ் போடுவதற்கு முன்பே ஒரு லிட்டர் வோர்ட்டை எடுத்துத் தனியாகக் கொதிக்கவைத்துக்கொள்ளலாம். ஹாப்ஸ் இல்லை என்றால் அந்த வாடைக்கு மூலப்பொருளே இல்லை. எவ்வளவு வெளிச்சம் வேண்டுமானாலும் போடலாம். நுரை மேல் அந்தப் பழுப்புப் பிசின் திட்டு மட்டும் படத்தில் அவ்வளவாக இருக்காது.

ஜாடியைப் பார்த்துப் பெரிய பாத்திரத்தின் நிலையை ஊகிக்காதீர்கள். சின்ன அளவு திரவம் தன் சூட்டைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும். பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி அறையைவிட 3 முதல் 5 டிகிரி வரை சூடாகிவிடலாம், ஜாடியோ அறை வெப்பத்திலேயே கிடக்கும். இரண்டும் ஒரே நாளில் முடியும் என்று நினைக்க முடியாது.

எந்தக் கேமரா?

சும்மா கிடக்கும் பழைய போன் இருந்தால் அதில் தொடங்குவதே புத்திசாலித்தனம். படத்தின் தரம் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கும். கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் ஒரு வாரப் படப்பிடிப்பில் அரை மணி நேரம் விட்டுப்போனால் நுரை திடீரென்று தாவிக் குதிப்பது படத்தில் அப்பட்டமாகத் தெரியும். குறை என்றால், வாரக்கணக்கில் சார்ஜரிலேயே கிடக்கும் பழைய பேட்டரி சூடாகி உப்பக்கூடும். போனை மூடிய பெட்டிக்குள் வைக்காதீர்கள், தினமும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். போன் கேமராக்களில் பெரும்பாலும் அகச்சிவப்பை வடிகட்டும் கண்ணாடி இருப்பதால் இருட்டுப் படப்பிடிப்புக்கு அவை உதவாது.

ராஸ்பெர்ரி பை, சொந்தமாக நிரல் எழுதிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு. விளக்கை அதுவே ஏற்றும், படம் எடுக்கும், அணைக்கும், அதே பலகையில் வெப்பமானியையும் இணைத்து ஒவ்வொரு படத்தின் மேலும் வெப்பநிலையை எழுதிவிடும். நோஐஆர் என்ற பெயரில் அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத கேமராவும் கிடைக்கிறது. 2023-இல் வந்த மூன்றாம் தலைமுறைக் கேமராவில் தானியங்கி ஃபோகஸ் உண்டு. முதலிரண்டு தலைமுறைகளில் அது இல்லை, பக்கத்தில் இருக்கும் ஜாடி மங்கலாகத்தான் தெரியும், லென்ஸைக் கையால் திருகிச் சரி செய்ய வேண்டும். பை கருவியின் பலவீனம் மின்சாரம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மெமரி கார்டு கெட்டுப்போகும் வாய்ப்பு உண்டு. படங்களை அவ்வப்போது வேறு இடத்துக்கு நகலெடுக்கும்படி வைத்துவிடுங்கள்.

வைஃபை கண்காணிப்புக் கேமரா படப்பிடிப்புக்குச் சுமார்தான். வெளியூரில் இருந்துகொண்டு "பொங்கி வழிந்துவிட்டதா" என்று பார்க்க அதைவிட எளிது எதுவும் இல்லை. இரவுப் பார்வைக்காக அகச்சிவப்பு விளக்கு அதிலேயே இருக்கும். கண்ணாடிக்கு நேர் எதிரே வைத்தால் அந்த விளக்கே பளீரென்று எதிரொளித்து நடுவில் வெள்ளைப் பொட்டாக நிற்கும். கொஞ்சம் சாய்த்து வையுங்கள். பாத்திரத்தை வேறு அறையில் உட்கார்ந்து கேமராவில் பார்ப்பது புது யோசனையும் அல்ல. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கணினி ஆய்வகத்தில் காபிப் பாத்திரம் காலியா என்று பார்க்க 1991-இல் ஒரு கேமரா வைத்தார்கள். 1993-இல் அது இணையத்தில் ஏறியது, 2001 வரை உலகமே அந்தப் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பீர் அதைவிடச் சுவாரசியமானது என்பது என் கட்சி.

எந்தக் கேமராவாக இருந்தாலும் ஃபோகஸ், எக்ஸ்போஷர், வெள்ளைச் சமநிலை மூன்றையும் பூட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நுரை வெள்ளையாக ஏற ஏறக் கேமரா தானாக இருட்டடிக்கும், படம் மின்னிக்கொண்டே இருக்கும். ஜன்னல் வெளிச்சம் படும் இடத்தில் வைத்தால் பகலும் இரவும் மாறி மாறி வரும், அதுவும் கண்ணை உறுத்தும். எத்தனை நொடிக்கு ஒரு படம் என்பதற்கு என் கணக்கு இதுதான். முதல் 72 மணி நேரத்துக்கு நிமிடத்துக்கு ஒன்று. 4,320 படம் வரும், நொடிக்கு 30 என்று ஓட்டினால் 2 நிமிடம் 24 நொடி. அதற்குப் பிறகு 10 நிமிடத்துக்கு ஒன்று போதும், நுரை சரிவதும் பீர் தெளிவதும் அவ்வளவு மெதுவானவை. 4கே எல்லாம் தேவையே இல்லை. முதல் நாளிலேயே கண்ணாடியில் நுரை தெறித்துப் பாதியை மறைத்துவிடும், அதைத் துல்லியமாகக் காட்டி என்ன ஆகப் போகிறது?

கேமராவை எச்சரிக்கை மணியாக வைத்துக்கொள்ளும் யோசனையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏர்லாக் நுரையால் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி மூடி தெறிக்கும், சுவர் கூரை எல்லாம் பீராகும். இதைக் கேமராவில் பார்த்து ஓடி வருவதற்கு முன் அது நடந்து முடிந்திருக்கும். முதல் மூன்று நாளைக்கு ஏர்லாக்குக்குப் பதிலாகத் தடிமனான குழாயை மாட்டி, மறுமுனையைக் கிருமிநாசினித் தண்ணீரில் முக்கி வைத்தால் அந்தக் கவலையே இல்லை. அந்தக் குழாயின் வேலையைக் கேமரா செய்யாது.

அளந்து சொல்பவை

சரி, எண்களுக்கு வருவோம். கண்ணாடி ஹைட்ரோமீட்டர்தான் இன்னும் நீதிபதி. மாதிரியை ஒரு உயரமான குழாயில் ஊற்றி மிதக்கவிட்டால் கிராவிட்டி தெரியும், அவ்வளவுதான். ஆனால் நொதிக்கும் பீரில் அது கொஞ்சம் ஏமாற்றும். ஹைட்ரோமீட்டரின் உடம்பில் ஊசிமுனைக் குமிழிகள் ஒட்டிக்கொண்டு அதை மேலே தூக்கிவிடும், அளவு கூடுதலாகத் தெரியும். மாதிரியை முதலில் இரண்டு கிளாஸுக்கு நடுவே நாலைந்து முறை மாற்றி மாற்றி ஊற்றி வாயுவை வெளியேற்றுங்கள். பிறகு ஹைட்ரோமீட்டரை விரலால் ஒரு சுழற்று சுழற்றி விட்டுவிட்டு, அது நின்ற பின் கண்ணைத் திரவ மட்டத்துக்கு இறக்கிப் படியுங்கள். பெரும்பாலான ஹைட்ரோமீட்டர்கள் 20 டிகிரி செல்சியஸுக்குச் சரிபார்க்கப்பட்டவை. மாதிரி 30 டிகிரியில் இருந்தால் 0.002 முதல் 0.003 வரை குறைத்துக் காட்டும். ஒவ்வொரு முறையும் 100 மில்லிக்குக் குறையாமல் பீர் செலவாகும் என்பதும், ஒவ்வொரு முறையும் பாத்திரத்தைத் திறக்கவோ குழாயைத் திருகவோ வேண்டும் என்பதும்தான் இதன் குறை. தினம் இரண்டு வேளை எடுக்கும் சமாச்சாரம் இல்லை இது.

ஒளி வளைவதை வைத்துச் சர்க்கரையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டருக்கு இரண்டு சொட்டு போதும். கொதிக்கவைக்கும் நாளில் அதைப்போல வசதி இல்லை. நொதித்தல் தொடங்கியபின் ஆல்கஹால் ஒளியைத் தன் பங்குக்கு வளைப்பதால் கணக்குத் தப்பும். நம் உதாரணப் பீர் 1.010-இல் முடிந்த பிறகும் அது சுமார் 6 பிரிக்ஸ் (சர்க்கரைச் சதவீத அளவு) காட்டும். நேராக மாற்றினால் அது 1.024. பதறி இன்னொரு பாக்கெட் ஈஸ்ட் போடத் தோன்றும். தொடக்க அளவையும் சேர்த்துப் போடும் திருத்தச் சூத்திரம் இல்லாமல் அதை நம்பாதீர்கள்.

அடுத்தது மிதக்கும் கருவிகள், சுருக்கமாக மிதவைகள். விரல் தடிமனில் ஒரு குழாய், உள்ளே சாய்வை அளக்கும் சிப், வெப்பமானி, பேட்டரி. திரவம் கெட்டியாக இருந்தால் குழாய் படுக்கும், சர்க்கரை குறையக் குறைய நிமிரும். அந்தச் சாய்வைக் கிராவிட்டியாக மாற்றி அனுப்பும். டில்ட் என்பது புளூடூத்தில் பேசுகிறது, பக்கத்தில் ஒரு போனோ பையோ கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ராப்ட் பில் வைஃபையிலும் பேசும், சார்ஜ் செய்துகொள்ளலாம். ஐஸ்பிண்டல் யாரும் செய்துகொள்ளக்கூடிய திறந்த வடிவமைப்பு. இஎஸ்பி8266 சிப் கொண்ட சிறு பலகை, எம்பியு-6050 சாய்வுமானி, டிஎஸ்18பி20 வெப்பமானி, 18650 பேட்டரி, எல்லாம் ஒரு பிளாஸ்டிக் குழாய்க்குள். சாலிடர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு மாலையில் முடித்துவிடலாம். வெவ்வேறு அளவு சர்க்கரைக் கரைசலில் மிதக்கவிட்டு அளவுத்திருத்தம் செய்யத்தான் இன்னொரு மாலை போகும். அந்த இரண்டாவது மாலையைத் தவிர்க்கிறவர்கள்தான் பிறகு "கருவி சரியில்லை" என்று புலம்புவார்கள்.

இவற்றின் பலம் வளைகோடு. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் புள்ளிகளைச் சேர்த்தால், நொதித்தல் எப்போது கிளம்பியது, எப்போது வேகம் எடுத்தது, எப்போது தணிந்தது எல்லாம் கோடாகத் தெரியும். கடைசிக் கட்டத்தில் வெப்பத்தை இரண்டு மூன்று டிகிரி உயர்த்தி வெண்ணெய் வாடை தரும் டையசெட்டிலை ஈஸ்டே தின்றுவிடச் செய்யும் வேளையைத் தேர்ந்தெடுக்க இதைவிடச் சிறந்த துணை இல்லை. பாத்திரத்தைத் திறக்கவே வேண்டாம்.

பலவீனம் துல்லியம். க்ராய்சன் உச்சத்தில் இருக்கும்போது கருவியின் தலையில் பிசுக்கென்று நுரை அமர்ந்துகொள்ளும், வளைகோடு கோணல் மாணலாக ஆடும். உலர் ஹாப்ஸ் போட்டால் இலைத்தூள் ஒட்டிக்கொண்டு சாய்வு மாறும், கிராவிட்டி திடீரென்று குதித்தது போல இருக்கும். இதெல்லாம் இல்லாத நல்ல நாளிலும் பிழை 0.002 வரை இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அது எவ்வளவு பெரிய பிழை? கிராவிட்டி 0.001 குறையும்போது லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடு உருவாகிறது. பாட்டிலில் நாம் குடிக்கும் பீரில் மொத்தமாக இருப்பதே லிட்டருக்கு 5 கிராம் வாக்கில்தான். இன்னும் 0.004 இறங்க வேண்டிய பீரை, முடிந்துவிட்டது என்று நம்பி, வழக்கமான அளவு சர்க்கரையும் சேர்த்து பாட்டிலில் அடைத்தால் வாயு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். அதைத் தாங்கச் செய்த பாட்டில் அல்ல அது. வெடித்தால் கண்ணாடிச் சில்லு பறக்கும். ஆகவே பாட்டிலில் அடைக்கலாமா என்ற முடிவை மிதவையிடம் விடாதீர்கள். வளைகோடு படுத்துவிட்ட பிறகு, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டரில் இரண்டு தடவை அளந்து, இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அடைக்க வேண்டும். டயஸ்டாடிகஸ் வகை ஈஸ்ட் என்றால் இன்னும் பொறுமை வேண்டும். மற்ற ஈஸ்ட் தொடாத டெக்ஸ்ட்ரின் என்ற நீண்ட சர்க்கரைச் சங்கிலியையும் அது வெட்டித் தின்னும், முடிந்துவிட்டது போல் தெரிந்த பிறகும் வாரக்கணக்கில் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும்.

குமிழியை எண்ணும் கருவிகளை நான் யாருக்கும் சொல்வதில்லை. யோசனை அழகானதுதான், வெளியேறும் வாயுவை எண்ணினால் எவ்வளவு சர்க்கரை போனது என்று கணக்குப் போடலாம். ஆனால் வாளியின் மூடி ரப்பரில் மயிரிழை அளவு கசிவு இருந்தாலும் கணக்கு முழுதாகக் கவிழ்ந்துவிடும். முடிந்த பீரைச் சற்றுச் சூடேற்றினாலே கரைந்திருந்த வாயு வெளியேறி மறுபடி குமிழி வரும். இணையச் சேவையை நம்பி ஓடும் கருவி என்றால், நிறுவனம் சர்வரை மூடிவிட்ட அன்று அது வெறும் பிளாஸ்டிக். இந்தக் கடைசிக் காரணத்தை எந்தக் கருவி வாங்கும்போதும் கேட்டுப் பாருங்கள்: இணையம் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே தகவல் எடுக்க முடியுமா?

தராசு அதிகம் பேர் யோசிக்காத வழி. வெளியேறும் 800 கிராம் எடையில் தெரியத்தானே வேண்டும்? 20 லிட்டரில் கிராவிட்டி 0.001 குறைந்தால் எடை சுமார் 20 கிராம் குறையும். நூறு கிராம் துல்லியமுள்ள வீட்டுத் தராசு இதற்குப் பத்தாது, லோட்செல் (எடையை மின்சிக்னலாக மாற்றும் உணரி) வைத்துச் செய்துகொள்ள வேண்டும். பீரைத் தொடாமல் அளக்கலாம், நுரை ஒட்டும் தொல்லை இல்லை, பாத்திரம் எஃகாக இருந்தாலும் கவலை இல்லை. ஆனால் நாள் கணக்கில் ஒரே பாரத்தைத் தாங்கும் லோட்செல் மெல்ல நழுவும். அறை வெப்பம் மாறினாலும் நழுவும். யாராவது பாத்திரத்தின் மேல் துண்டைப் போட்டுவிட்டுப் போனால் கிராவிட்டி ஏறிவிடும். பொறியியல் பைத்தியம் இருப்பவர்களுக்கு அருமையான வேலை, மற்றவர்களுக்குத் தலைவலி.

எல்லாவற்றுக்கும் முன்னால் வெப்பமானி

ஒரே ஒரு கருவிக்குத்தான் கையில் காசு இருக்கிறது என்றால் மேலே சொன்ன எதையும் வாங்காதீர்கள், நல்ல வெப்பமானியையும் அதற்கேற்ற கட்டுப்பாட்டுப் பெட்டியையும் வாங்குங்கள். ஏல் வகைப் பீரின் ஈஸ்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி, லாகர் வகைக்கு 8 முதல் 13. முதல் மூன்று நாள் அதைவிட ஏறிப்போனால் வரும் காட்டமான ஆல்கஹால் வாடையை எந்தக் கேமராவும் எந்த வளைகோடும் திருப்பி எடுக்காது. அறையின் வெப்பத்தை அளந்து பயனில்லை, பீரின் வெப்பத்தை அளக்க வேண்டும். உணரியைப் பாத்திரத்தின் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி அதன் மேல் தடித்த ஸ்பாஞ்சை அமுக்கிக் கட்டினாலே போதும். டிஎஸ்18பி20 அரை டிகிரிக்குள் சொல்லும், அதுவே தாராளம்.

பாத்திரமும் முடிவு செய்யும்

எஃகுப் பாத்திரம் வைத்திருப்பவர்களுக்குப் படப்பிடிப்பு என்ற கேள்வியே இல்லை. மிதவையின் சிக்னலும் எஃகைத் தாண்டத் திணறும், அதே பாத்திரம் குளிர்சாதனப் பெட்டிக்குள் போனால் இன்னும் மோசம். கேட்கும் கருவியை மூடிக்குப் பக்கத்திலேயே, பெட்டிக்குள்ளேயே வைத்துப் பாருங்கள், அதற்கும் வரவில்லை என்றால் தராசுதான். படம் வேண்டுமென்றால் குழாயின் மறுமுனை முங்கியிருக்கும் ஜாடியை எடுக்கலாம். கண்ணாடி ஜாடியில் குமிழி கொப்பளிப்பதும், நடுவில் பழுப்பு நுரை குழாய் வழியே வந்து விழுவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதில் எவ்வளவு வெளிச்சம் போட்டாலும் பீருக்கு ஒன்றும் ஆகாது.

வெள்ளை பிளாஸ்டிக் வாளிக்கு மிதவை நன்றாகப் பொருந்தும், கேமரா மூடியின் மேலிருந்து பார்த்தால் ஏர்லாக்கைத் தவிர ஒன்றும் தெரியாது. நிறமற்ற கண்ணாடி அல்லது பெட் பிளாஸ்டிக் பாத்திரம் இருந்தால் எல்லாமே சாத்தியம், வெளிச்சத்தை மட்டும் கவனியுங்கள். கண்ணாடியைக் குளிர்ப் பெட்டிக்குள் வைத்துப் படம் எடுத்தால் கதவைத் திறக்கும்போதெல்லாம் கண்ணாடியில் பனித்துளி கோர்க்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

முதல் முதலாகக் காய்ச்சுகிறவருக்கு நான் சொல்வது வெப்பமானி, ஹைட்ரோமீட்டர், தடித்த குழாய். படம் எடுக்க ஆசை என்றால் பழைய போனும் ஒரு லிட்டர் ஜாடியும். இதற்கு மேல் எதுவும் இப்போதைக்கு வேண்டாம். ஒரே செய்முறையைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி மெருகேற்றுகிறவர், அல்லது அடிக்கடி வெளியூர் போகிறவர் மிதவை வாங்கலாம், அவருக்கு வளைகோடு உண்மையிலேயே பயன்படும். முந்தைய தடவையின் கோட்டையும் இந்தத் தடவையின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் ஈஸ்ட் சோம்பலா, வெப்பம் குறைவா என்று உடனே பிடிபடும். லாகர் காய்ச்சுகிறவருக்கும் மிதவை நல்லது, ஏனென்றால் அங்கே எல்லாமே மெதுவாக நடக்கும், டையசெட்டில் வேளையைத் தவறவிட்டால் வெண்ணெய் வாடை பாட்டில் வரை கூடவே வரும். ராஸ்பெர்ரி பை அமைப்பை, பீரைவிட அமைப்பைக் கட்டுவதில் அதிக மகிழ்ச்சி காண்கிறவருக்கு மட்டும் சொல்வேன். அப்படிப்பட்டவர்கள் ஏராளம், அவர்களுக்கு யாரும் சொல்லவும் தேவையில்லை.

மிதவை வாங்கிவிட்டால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட் போடும் அன்றும் பாட்டிலில் அடைக்கும் அன்றும் ஹைட்ரோமீட்டர் அளவையும் மிதவை அளவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மூன்று தடவை காய்ச்சியதும் உங்கள் மிதவை எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்று தெரிந்துவிடும், அதை அடுத்த தடவைக்குத் திருத்தமாகக் கழித்துக்கொள்ளலாம். பீரை வடித்த பிறகு வண்டலுக்குள் கையை விட்டு மிதவையை எடுக்க மறக்காதீர்கள். வண்டலோடு சேர்த்துக் கழிவுத்தொட்டியில் கொட்டிவிட்டால் தேடி எடுப்பது சுலபமல்ல.